ஓய்வுநாளும் உடைத்த முட்டையும்

எக்ஸ் பெனடிக்ட் ஞாயிற்றுக்கிழமையோடு சேர்த்தே பேசப்படும் பதார்த்தம். வட்டமான இங்கிலீஷ் மஃபின் ரொட்டியை இரண்டாகப் பிளந்து வாட்டி, வெண்ணெய் தடவி, அதன்மேல் ஒரு துண்டு ஹாம் அல்லது கனடியன் பேக்கன் வைக்க வேண்டும். ஓடில்லாமல் வெந்நீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டை அதற்கு மேல் அமரும். மஞ்சள் கருவும் உருக்கிய வெண்ணெயும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்த ஹாலண்டேஸ் சாஸை எல்லாவற்றுக்கும் மேலாக வார்த்தால் தட்டு தயார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க்கில் உருவானது இது. டெல்மோனிகோஸ் உணவகத்தின் தலைமைச் சமையற்காரர் சார்ல்ஸ் ரான்ஹோஃபர் 1894-இல் வெளியிட்ட பெரிய சமையல் நூலில் இதன் செய்முறை இருக்கிறது. அதே 1894-இல் வால்டார்ஃப் ஓட்டலுக்கு வந்த லெமுவல் பெனடிக்ட் என்ற பங்குத் தரகர், முந்தைய இரவின் மதுமயக்கம் தெளிய இப்படியொரு தட்டைக் கேட்டு வாங்கினார் என்ற கதையும் உண்டு. பெயருக்குரிய பெனடிக்ட் யார் என்பதில் இன்றுவரை இழுபறிதான்.

அடுத்த ஆண்டே, 1895-இல், கை பெரிங்கர் என்ற ஆங்கில எழுத்தாளர் ஞாயிற்றுக்கிழமைக்கென ஒரு புதிய வேளைச் சாப்பாட்டை முன்மொழிந்து கட்டுரை எழுதினார். கோயிலுக்குப் போய்வந்த பிறகு கனமான இறைச்சி விருந்து எதற்கு, காலைக்கும் மதியத்துக்கும் இடையில் இலகுவாக ஏதாவது சாப்பிட்டால் போதாதா, சனிக்கிழமை இரவு நேரங்கழித்துப் படுத்தவர்கள் நிம்மதியாக எழுந்திருக்கலாமே என்பது அவர் வாதம். அந்த வேளைக்கு அவர் வைத்த பெயர்தான் பிரஞ்ச். எக்ஸ் பெனடிக்ட் நாளடைவில் அதன் தலைமைப் பதார்த்தமாகிவிட்டது.

இதில் ஒரு பழைய கேள்வி புதிய உருவத்தில் வருகிறது. வாரத்தில் ஒரு நாள் வேலையை நிறுத்த வேண்டும் என்பது யூத, கிறித்தவ மரபுகளின் ஆணை. அந்த நாளுக்கென்று வந்து சேர்ந்த உணவோ, கடைசி நிமிடம் வரை அடுப்பை விட்டு நகரவிடாதது. அதை வீட்டில் செய்கிறவர் ஓய்வெடுக்கிறாரா, வேலை செய்கிறாரா? கேள்வி சிறியதல்ல. வேலை என்றால் என்ன என்பதையே அது தொடுகிறது. இரண்டு மரபுகளும் இதற்கு வெவ்வேறு விடை தந்திருக்கின்றன. யூதச் சட்டமோ முட்டையையே எடுத்துவைத்து வாதிட்டிருக்கிறது.

விடைகளைப் பார்க்குமுன் செய்முறையைக் கிட்டத்தில் நின்று பார்ப்பது நல்லது. முதலில் சாஸ். கொதிக்காத, ஆவி மட்டும் எழும் நீருள்ள பாத்திரத்தின் மேல் ஒரு கிண்ணத்தை வைத்து, இரண்டு மஞ்சள் கருக்களோடு ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் ஒரு தேக்கரண்டி நீரும் சேர்த்து அடிக்க வேண்டும். கலவை வெளிறி, நுரைத்து, கம்பியை எடுத்தால் தடம் தெரியும் அளவுக்குக் கெட்டியானதும் உருக்கிய வெண்ணெய் ஏறக்குறைய 120 கிராம் போகும். முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு நூலாக. மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின்தான் கொழுப்பையும் நீரையும் பிரியாமல் பிடித்து வைக்கிறது. சூடு 70 டிகிரியை நெருங்கினால் கரு திரிந்துவிடும். திரியத் தொடங்கியதும் ஒரு கரண்டி குளிர்ந்த நீர் விட்டு அடித்தால் பெரும்பாலும் மீளும். மீளாவிட்டால் வேறொரு மஞ்சள் கருவில் அந்தத் திரிந்த சாஸையே சிறிது சிறிதாகச் சேர்த்து மீட்கலாம்.

முட்டை கடைசி. அகலமான பாத்திரத்தில் ஒரு சாண் ஆழத்துக்குச் சற்றுக் குறைவாக நீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர். நீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. அடியில் சிறு குமிழிகள் ஒட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிளம்பும் நிலை, அதாவது 80 முதல் 85 டிகிரி, போதும். முட்டை இட்டுச் சில நாளுக்குள் இருப்பது உத்தமம். நாள் ஆக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியே கரியமில வாயு வெளியேறி வெள்ளைக் கரு நீர்த்துப் போகும். அந்த நீர்த்த பகுதிதான் பாத்திரத்தில் நார் நாராகப் பரவி அசிங்கப்படுத்துவது. முட்டையை முதலில் மெல்லிய கம்பி வடிகட்டியில் உடைத்து ஊற்றிச் சில நொடி விட்டால் நீர்த்த பகுதி வடிந்து, கெட்டியான வெள்ளைக் கரு மட்டும் மஞ்சளைச் சுற்றித் தங்கும். அதைக் கிண்ணத்துக்கு மாற்றி, நீர்ப்பரப்புக்கு அருகே சாய்த்து நழுவவிட வேண்டும். மூன்று முதல் நான்கு நிமிடம். ஜல்லிக்கரண்டியால் தூக்கி விரல் நுனியால் தொட்டால் வெளிப்புறம் உறுதியாகவும் நடுவில் தளர்வாகவும் இருக்கும். துணியில் ஒற்றி ஈரம் எடுத்த பிறகே ரொட்டிக்கு.

அந்த மூன்று நிமிடத்தில் நடப்பது பெரிய மாற்றம். சுருண்டு கிடந்த புரத இழைகள் சூட்டில் அவிழ்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கண்ணாடிபோல் இருந்தது வெளுத்துத் திடமாகிறது. ஆறவைத்தால் பழைய நிலைக்குத் திரும்பாது. உடல் உழைப்பு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு பொருள் அடைந்த நிலைமாற்றம் என்று பார்த்தால் முழுமையானது. யூதச் சட்டம் கவனித்தது இந்த இரண்டாவதை.

யாத்திராகமத்தின் 16-ஆம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் மன்னா கிடைத்த மக்களிடம், சுட வேண்டியதையும் வேகவைக்க வேண்டியதையும் ஓய்வுநாளுக்கு முன்தினமே முடித்துவிடும்படி மோசே சொல்கிறார். 35-ஆம் அதிகாரம் அந்த நாளில் வீடுகளில் நெருப்பு மூட்டுவதைத் தடுக்கிறது. ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா, ஓய்வுநாளில் விலக்கப்பட்ட வேலைகளை 39 வகையாக எண்ணியது. விதைப்பது, உழுவது, அறுப்பது என்று தொடங்கி மாவு பிசைவது, சுடுவது வரை ரொட்டியின் வழியே முதல் வரிசை போகிறது. வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம் எழுப்பத் தேவைப்பட்ட தொழில்கள் இவை என்பது யூதச் சட்ட அறிஞர்களான ரபிகளின் கணக்கு. கூடாரத் திரைகளுக்குச் சாயம் காய்ச்சியதால் அடுப்பு வேலையும் உள்ளே வருகிறது. எனவே விலக்கின் அளவுகோல் களைப்பு அல்ல. வீட்டுக்குள் கனமான மேசையை நகர்த்துவது இந்தப் பட்டியலில் சேராது. மூன்று நிமிடம் நீரில் கிடக்கும் முட்டை சேரும். மனிதன் தன் எண்ணப்படி உலகத்தின் ஒரு துணுக்கை மாற்றியமைக்கிறான் என்பதே அங்கே வேலை. ஏழாம் நாளில் படைப்பை நிறுத்தியவரைப் பின்பற்றி அந்த ஆற்றலை ஒரு நாள் கீழே வைப்பது ஓய்வு.

மிஷ்னாவின் ஓய்வுநாள் பகுதியில், மூன்றாம் அதிகாரத்தில், முட்டை நேரடியாகவே வருகிறது. அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் முட்டையை வைத்து அதன் சூட்டில் வேகவிடக் கூடாது. வெயிலில் சூடேறிய துணியில் உடைத்து ஊற்றவும் கூடாது. ரபி யோசே இந்த இரண்டாவதை அனுமதிக்கிறார். சுடுமணலிலோ பாதைப் புழுதியிலோ புதைத்து வேகவைக்கக் கூடாது என்பது அடுத்த விதி. வெயில் கொளுத்தும் நாட்டில் முட்டையை வேகவைக்க எத்தனை வழிகளை மக்கள் முயன்றிருப்பார்கள் என்பது இந்த விலக்குகளிலிருந்தே விளங்கும். மிஷ்னாவை விவாதிக்கும், பின்வந்த தால்முத் இதை நுணுக்கிப் பிரிக்கிறது. நேரே வெயிலில் வைத்து வேகவைத்தால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை, அது சமைக்கும் முறையே அல்ல. நெருப்பில் சூடேறிய பொருளின் வெப்பத்தில் வேகவைத்தால் எல்லோரும் விலக்குகிறார்கள். வெயிலில் சூடேறிய துணி, மணல் போன்றவற்றில்தான் வழக்கு.

அதையொட்டி வருகிறது திபேரியா ஊராரின் கதை. அந்த ஊரில் பூமியிலிருந்தே வெந்நீர் ஊற்றுகள் பாய்கின்றன. ஊரார் குளிர்ந்த நீர்க்குழாய் ஒன்றை அந்த ஊற்றின் ஊடே செலுத்தி, கையை அசைக்காமலே ஓய்வுநாளில் வெந்நீர் கிடைக்கச் செய்தார்கள். அறிஞர்கள் தடுத்துவிட்டனர். ஊற்றின் சூடு வெயிலால் வந்ததுதானே, அதையே விலக்கியிருக்கும்போது சூடான துணியை எப்படி அனுமதிக்கலாம் என்று ரபி யோசேயைக் கேட்கிறார்கள். அந்த நீர் நரகத்தின் வாசலைக் கடந்து வருகிறது, ஆகவே அது நெருப்பின் சூடு என்கிறார் அவர். இன்றைய வாசகருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் கேட்கப்பட்டது சரியான கேள்வி. மனிதன் ஏற்பாடு செய்துவைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால் வேலை நடந்ததாகுமா, ஆகாதா? நேரங்காட்டியில் தானே இயங்கும் மின்னடுப்பு வந்த பிறகும் இதே கேள்வியைத்தான் ரபிகள் விவாதிக்கிறார்கள்.

சட்டம் இவ்வளவோடு நின்றிருந்தால் ஓய்வுநாள் பசியும் குளிரும் நிறைந்த நாளாகியிருக்கும். காராயிட் யூதர்கள் ஏறத்தாழ அப்படித்தான் கொண்டார்கள். வேதத்தின் சொல்லை மட்டும் ஏற்ற அவர்கள், முன்பே ஏற்றிய நெருப்புகூட அந்த நாளில் எரியலாகாது என்று ஆறிய உணவை உண்டனர். ரபிகளின் வழி வேறு. ஓய்வுநாளை மகிழ்ச்சி என்று அழைக்க வேண்டும் என்ற ஏசாயாவின் கட்டளையைக் காட்டி, சூடான உணவு அந்த நாளின் மரியாதை என்றார்கள். 12-ஆம் நூற்றாண்டின் செராகியா ஹலேவி, ஓய்வுநாளில் சூடான உணவைத் தவிர்ப்பவரின் நம்பிக்கையையே சந்தேகிக்க வேண்டும் என்னும் அளவுக்குப் போனார். வெள்ளி மாலை சூரியன் மறையுமுன் அடுப்பில் ஏற்றி இரவெல்லாம் தணலில் விட்டுவிடும் சமையல் இப்படித்தான் வளர்ந்தது.

அந்தப் பானைக்குள் முட்டையும் உண்டு. 1492-இல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டு சலோனிக்கா, இஸ்தான்புல், இஸ்மிர் நகரங்களில் குடியேறிய செஃபார்தி யூதர்கள் ஓட்டோடு முட்டைகளை வெங்காயத் தோலும் சிறிது எண்ணெயும் சேர்த்து, சில வீடுகளில் காப்பித் தூளும் போட்டு, இரவு முழுதும் மெல்லிய சூட்டில் வைத்தார்கள். காலைக்குள் ஓடு செம்மரம்போல் நிறமேறும். உள்ளே வெள்ளைக் கருவும் வெளிர்பழுப்பாகி, மஞ்சள் கரு வெண்ணெய்போல் குழைந்திருக்கும். சனிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் பொரேக்கா, பாலாடைக்கட்டியோடு இந்த முட்டைதான் தட்டில். ஹாமினாடோ எனப்படும் இது பெரிங்கரின் பிரஞ்சுக்குப் பல நூற்றாண்டு மூத்த ஓய்வுநாள் காலை உணவு. செய்முறையிலேயே ஒரு தத்துவம் இருக்கிறது: கை விலகிவிட்டது, காலம் வேகவைக்கிறது. வெந்நீரில் உடைத்து ஊற்றும் முட்டை இதற்கு நேர் எதிர்முனை. அங்கே கையும் கண்ணும் ஒரு கணம் தவறினால் பண்டம் கெடும்.

சமையல்தான் புனிதத்துக்கு எதிரி என்று யூதச் சட்டம் நினைக்கவில்லை என்பதற்கும் சான்று உண்டு. பஸ்கா போன்ற பண்டிகை நாட்களில் மற்ற வேலைகள் விலக்கு. உண்பதற்கான சமையலுக்கு யாத்திராகமத்தின் 12-ஆம் அதிகாரமே இடம் தருகிறது. ஏற்கெனவே எரியும் நெருப்பில் அன்று முட்டையை வெந்நீரில் விடலாம். பண்டிகை விதிகளைப் பேசும் தால்முத் பகுதியின் பெயரே முட்டை. பண்டிகை நாளன்று கோழி இட்ட முட்டையை அன்றே உண்ணலாமா என்பது அதன் முதல் வழக்கு. வழக்கமாகக் கெடுபிடி காட்டும் ஷம்மாய் பள்ளி உண்ணலாம் என்கிறது, வழக்கமாக இளகும் ஹில்லேல் பள்ளி கூடாது என்கிறது. தால்முத் அறிஞர் ரபா தரும் விளக்கத்தில், இன்று இட்ட முட்டை கோழியின் வயிற்றில் நேற்றே முழுமை பெற்றது. நேற்று ஓய்வுநாளாக இருந்தால், ஒரு புனித நாள் இன்னொன்றுக்கு அடுக்களையாகிவிடும். மனிதக் கை எதுவும் படாத இடத்திலும் ஓய்வுநாளின் மதிப்பைக் காக்கும் அக்கறை இது.

கிறித்தவ மரபு வேறு பாதையில் சென்றது. பசித்த சீடர்கள் ஓய்வுநாளில் கதிர் கொய்து தின்றபோது இயேசு அவர்கள் பக்கம் நின்றார் என்ற சுவிசேஷக் காட்சி தொடக்கத்திலேயே உணவுக்குச் சலுகை தந்தது. பேரரசர் கான்ஸ்டன்டைன் 321-இல் பிறப்பித்த ஆணை நீதிபதிகளையும் நகரத்தாரையும் தொழிற்கூடங்களையும் ஞாயிறன்று ஓயச் சொல்லிற்று. பருவம் தப்பக் கூடாதென்று உழவர்களை விட்டுவிட்டது. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் விலக்கை ஊழிய வேலையோடு இணைத்தார். ஒருவர் இன்னொருவருக்கு அடிமைபோல் செய்யும் உடலுழைப்பே விலக்கு. உடலைப் பேணத் தேவையானது விலக்கில் வராது. ஆகவே அடுப்பு பிரச்சினையே ஆகவில்லை. இங்கிலாந்தின் 1677 ஞாயிறு அனுசரிப்புச் சட்டம் வியாபாரத்தையும் தொழிலையும் தடுத்தபோதும், குடும்பங்களில் உணவு சமைப்பதையும், வேறு வழியில்லாதவர்களுக்காகச் சத்திரங்களிலும் சமையற்கடைகளிலும் சமைத்து விற்பதையும் பெயர் சொல்லி அனுமதித்தது. நியூ இங்கிலாந்தின் பியூரிட்டன்கள் மட்டும் சனிக்கிழமை சுட்ட பீன்ஸையே ஞாயிறும் உண்டு, யூதர்களின் பானைக்கு அருகே வந்தார்கள்.

காலை உணவைத் தள்ளிப்போட்டதிலும் கிறித்தவ வழிபாட்டுக்குப் பங்கு உண்டு. கத்தோலிக்கர்கள் நற்கருணை வாங்க நள்ளிரவு முதல் ஒன்றும் உண்ணாமல், நீரும் பருகாமல் இருக்க வேண்டியிருந்தது. 1953-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீருக்கு அனுமதி தந்தார். 1957-இல் நோன்பு மூன்று மணி நேரமாகவும், 1964-இல் ஆறாம் பவுலால் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது. பல தலைமுறைகளுக்கு ஞாயிற்றின் முதல் உணவு திருப்பலிக்குப் பிறகுதான், வயிறு காய்ந்த நிலையில்தான். 1983-இன் திருச்சபைச் சட்டம் ஊழிய வேலை என்ற சொல்லையே விட்டுவிட்டு, வழிபாட்டையும் அந்த நாளுக்குரிய மகிழ்ச்சியையும் மனமும் உடலும் இளைப்பாறுவதையும் தடுக்கும் அலுவல்களைத் தவிர்க்கச் சொல்கிறது. இந்த அளவுகோலில் நிதானமாக வெண்ணெய் அடிப்பவர் குற்றவாளி அல்ல. மகிழ்ச்சிக்குத் துணை செய்பவர்.

தத்துவத்தில் அரிஸ்டாட்டில் இதற்கு முன்பே ஒரு கோடு கிழித்திருந்தார். களைப்பு நீங்கி மறுபடி உழைக்கத் திரும்புவதற்கான இளைப்பாறல் வேறு. எதற்கும் கருவியாகாமல் தன்னளவில் முழுமையான ஓய்வு வேறு. உழைப்பே அந்த ஓய்வுக்காகத்தான். ஜெர்மன் தத்துவ அறிஞர் யோசெஃப் பீப்பர் 1948-இல் இதை எடுத்துக்கொண்டு, வழிபாட்டில் வேரூன்றாத ஓய்வு சோம்பலாகவோ பொழுதுபோக்காகவோ சரிந்துவிடும் என்றார். ஆபிரகாம் யோசுவா ஹெஷல் 1951-இல் எழுதிய ஓய்வுநாள் நூல், இடத்தை ஆளும் ஆறு நாட்களுக்குப் பின் காலத்தைப் புனிதமாக்கும் ஒரு நாள் என்று அதைக் கண்டது. பெனடிக்ட் தரகரின் தட்டு அரிஸ்டாட்டிலின் முதல் வகை. திங்கட்கிழமை வேலைக்குத் தேறுவதற்கான மருந்து அது.

ஆனால் அரிஸ்டாட்டிலின் ஓய்வுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அவருடைய குடிமகன் சிந்தித்திருக்கும்போது அடுக்களையில் அடிமை நின்றான். பத்துக் கட்டளைகளை மறுபடி சொல்லும் உபாகமத்தின் 5-ஆம் அதிகாரம் இந்த இடத்தில்தான் ஏனைய எல்லாவற்றையும்விட உயர்ந்து நிற்கிறது. வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாற வேண்டும், எகிப்தில் நீ அடிமையாயிருந்ததை நினை என்பது அங்கே சொல்லப்படும் காரணம். யாத்திராகமம் படைப்பைக் காரணம் காட்டுகிறது, உபாகமம் விடுதலையை. முட்டையின் நிலைமாற்றத்தை முதல் காரணம் அளக்கிறது. முட்டையை ஊற்றும் கை யாருடையது என்பதை இரண்டாவது கேட்கிறது. ஓட்டலில் பிரஞ்ச் உண்ணும் குடும்பத்தின் ஓய்வுக்கு அன்று காலை முதல் நின்றுகொண்டு நூறு முட்டைகளைத் தூக்குகிறவரின் ஞாயிறு விலையாகிறது. அவருக்கு வேறொரு நாள் விடுப்பு உண்டா, அது அவர் பிள்ளைகளுக்கும் விடுமுறையாயிருக்கும் நாளா என்பவை உபாகமம் எழுப்பும் கேள்விகள். வீட்டிலும் விதிவிலக்கு இல்லை. ஆறு நாளும் சமைத்தவரே ஏழாம் நாளும் எல்லோரும் எழுமுன் எழுந்து சாஸ் அடித்தால், தட்டு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்த வீட்டில் ஓய்வுநாள் எல்லோருக்கும் வந்துவிடவில்லை. வாரமெல்லாம் அடுப்படிக்கு வராதவர் அன்று வந்து, திரிந்த சாஸைப் பொறுமையாக மீட்டு, நான்கு தட்டு வைத்தால் மற்றொருவருக்கு ஓய்வு கிடைக்கிறது. செய்பவரின் உழைப்பும் ஊழியமாகாமல் விருப்பமாகவே இருக்கிறது. அக்வினாஸின் பிரிவினைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை.

யூத ஓய்வுநாள் விதிகளுக்கு உட்பட்டு இந்தத் தட்டைச் செய்ய முடியுமா என்ற நடைமுறைக் கேள்வி மிச்சம் இருக்கிறது. ஹாம் பன்றி இறைச்சி என்பதால் எந்த நாளிலும் ஆகாது. வேறு இறைச்சி வைத்தாலும் வெண்ணெய் சாஸோடு சேராது. புகையூட்டிய சால்மன் மீனோ கீரையோ அந்த இடத்தை நிரப்பும். முட்டைக்கு வழி இருக்கிறது. உணவகங்களில் முட்டைகளை முன்கூட்டியே வேகவைத்து, பனிக்கட்டி நீரில் ஆறவிட்டு, பரிமாறுமுன் வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம் வைத்து எடுப்பது அன்றாட வழக்கம். ஓய்வுநாளுக்கு முன்பே வெந்நீரில் வெந்ததை ஓய்வுநாளில் வெந்நீரில் ஊறவைக்கலாம் என்று மிஷ்னாவின் ஓய்வுநாள் பகுதியின் 22-ஆம் அதிகாரம் ஏற்கெனவே அனுமதித்திருக்கிறது. முழுதும் வெந்த திடப்பொருளைச் சூடேற்றுவது மறுபடி சமைத்ததாகாது என்பது விதி. தளரவிட்ட மஞ்சள் கரு இன்னும் இறுகினால் அரைகுறையாய் வெந்ததை முடித்துவைத்ததாகும் என்பதால், கை சுட்டுப் பின்வாங்காத அளவு வெதுவெதுப்புக்குள் நீரை நிறுத்திவிட வேண்டும். சாஸுக்கு அந்த வழியும் இல்லை. 1565-இல் அச்சான யோசேஃப் காரோவின் சட்டத்தொகுப்பின்படி ஆறிப்போன நீர்மத்தை மறுபடி சூடேற்றுவது புதிதாகச் சமைப்பதே. முழுதும் ஆறாததற்கு அந்தத் தொகுப்புக்குக் குறிப்பெழுதிய மோசே இசர்லஸ் சலுகை தருகிறார். ஆனால் வெள்ளி மாலையிலிருந்து சனி முற்பகல் வரை ஹாலண்டேஸை வெதுவெதுப்பில் வைத்திருந்தால் கிருமி பெருகி உண்ண முடியாததாகிவிடும். ஆகையால் ஓய்வுநாளைக் கைக்கொள்ளும் வீட்டில் ரொட்டியும் மீனும் முட்டையும் மேசைக்கு வரும், ஹாலண்டேஸ் வாரநாளுக்கோ எரியும் நெருப்பில் சமைக்க இடமுள்ள பண்டிகை நாளுக்கோ காத்திருக்கும்.